முகங்கொடுத்துப் பேசுங்கள்

நம் வீடுகளில் முதியவர் ஒருவர், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடையொன்றைக் கூறிவிட்டால், நாம் ஆராயாமலே ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகிறோம். "பாவம், அறளை பெயர்ந்துவிட்டது" என்கிறோம். சொல்லுவதற்கு எளிய சொல் அது. சொல்லிய பின்னர், அம்முதியவரிடம் எதனையும் கேட்டறிய வேண்டிய பொறுப்பும் நம்மை விட்டு நீங்கிவிடுகிறது. வாசகர்களே, அவ்வாறு தீர்ப்பு வழங்கியவர்களுள் நானும் ஒருவன். அக்குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும், அதனாற் கற்ற பாடத்தை உங்களுடன் பகிர்ந்துகொள்வதற்கும் இக்கிழமைப் பகுதியைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

என் பெரியம்மாவுக்கு 2020 ஆம் ஆண்டில் வயது 78. வடமராட்சியிலே, கிணற்றடியும் மாமரமும் கொண்ட ஒரு பழைய வீட்டில், மகளுடனும் பேத்தியுடனும் வாழ்ந்துவருபவர். அவ்வீட்டு அலுமாரித் திறப்புகள் எந்நேரமும் அவர் மடியில்தான் இருக்கும். எவருக்கு எவர் என்ன முறை, எந்தக் காணிக்கு எது எல்லை என்பனவெல்லாம் அவரைக் கேட்டே முடிவாகும். அவருக்குக் காது சற்று மந்தம் என்பது எல்லோரும் அறிந்த செய்தியே. எனினும், எதிரே அமர்ந்து பேசினால் ஒரு சொல்லும் தவறாமல் விளங்கிக்கொள்வார். ஆகையால் அதனை ஒரு குறையாக எவரும் பொருட்படுத்தவில்லை.

அவ்வாண்டிலேதான் கொரோனாத் தொற்று உலகெங்கும் பரவியது. பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா முறையானவர், பட்டினத்துக் கந்தோர் ஒன்றிலே வேலைபார்ப்பவர். நாள்தோறும் பலருடன் பழகிவரும் தம்மால் தாய்க்கு நோய் தொற்றிவிடக் கூடாதே என்னும் அச்சத்தினால், வீட்டினுள்ளும் முகக்கவசத்தைக் கழற்றாமலே தாயைப் பராமரித்துவந்தார். அன்பினாற் செய்த காரியம் அது. ஆயினும், சில கிழமைகளுக்குள் பெரியம்மாவின் போக்கு மாறத் தொடங்கியது. கேட்டதொன்று, விடை வேறொன்று என்றாயிற்று. சில வேளைகளில் விடையே இல்லை. வெறுமனே தலையை அசைத்துவிட்டுச் சுவரை நோக்கித் திரும்பிக்கொள்வார்.

ஒருநாட் காலை அக்கா, "அம்மா, கஞ்சி கொண்டு வரட்டோ?" என்று கேட்டார். பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆருக்குப் பஞ்சி? விடியக் காலமை எழும்பி முத்தம் முழுக்கக் கூட்டினது ஆர்?" என்று சீறினார். அக்காவுக்குக் கண்கள் கலங்கிவிட்டன. அன்று மாலை தொலைபேசியில் என்னை அழைத்து, "தம்பி, அம்மாவுக்கு அறளை பேந்து போச்சுது போலை கிடக்கு" என்றார்.

நானும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய், முகக்கவசத்துடன் வாசற்படியில் நின்று, உரத்த குரலில் நான்கு கேள்விகள் கேட்டேன். இரண்டுக்கு மாறான விடை கிடைத்தது. மற்றை இரண்டுக்கும் விடை கிடைக்கவில்லை. எனக்கிருந்த ஐயமும் தீர்ந்தது. அதன் பின்னர், குடும்பத்துக் காணி அலுவல் ஒன்றினை அவரைக் கேளாமலே முடித்தோம். "அலுமாரித் திறப்பை இனி அம்மாவிடம் விட்டுவைப்பது சரியில்லை" என்று அக்கா கூறியபோது நான் மறுக்கவில்லை. திறப்புக்கோவையைப் பெரியம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டாராம்.

உண்மையைக் கண்டுபிடித்தவள் அவ்வீட்டின் பதின்மூன்று வயதுப் பேத்தியே. பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலம் அது. ஒருநாள் அவள் மாமரத்தின் கீழே புத்தகமும் கையுமாக இருந்தாள். பெரியம்மா விறாந்தையிற் கதிரையில் அமர்ந்திருந்தார். இருவருக்குமிடையே பதினைந்து அடி தூரமாயினும் இருக்கும். பிள்ளை முகக்கவசம் அணிந்திருக்கவில்லை. புத்தகத்திலிருந்து தலையை உயர்த்தி, வழக்கமான குரலிலே, "அம்மம்மா, கஞ்சி குடிச்சிட்டீங்களோ?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை, உப்புத்தான் கொஞ்சம் குறைவு" என்று உடனே விடை வந்தது.

பிள்ளை திகைத்துப்போனாள். பின்னர் ஏதோ தோன்றியவளாய், புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு, முன்னையிலும் உரத்து, "அம்மம்மா, மாங்காய் புடுங்கித் தரட்டோ?" என்று கேட்டாள். "என்ன மோனை?" என்றார் பெரியம்மா. புத்தகத்தை அகற்றிவிட்டு அதே கேள்வியைக் கேட்டாள். "வேண்டாம், பல்லுக் கூசும்" என்று விடை வந்தது. பிள்ளை வீட்டினுள்ளே ஓடினாள். "அம்மா! அம்மம்மா காதாலை மட்டும் கேக்கிறேல்லை, கண்ணாலையும் கேக்கிறா!" என்று கூவினாள்.

இதனைப் பெரியம்மாவிடம் கூறியபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் ஆரின்ரை வாயையும் பாக்கிறேல்லை. நீங்கள்தான் வாயைக் கட்டிக்கொண்டு முணுமுணுக்கிறியள்" என்றார். அவர் பொய் கூறவில்லை. பல ஆண்டுகளாகப் பிறருடைய உதடுகளை வாசித்துவருவதை அவர் தாமே அறியாதிருந்தார். அவரறியாததை நாம் எங்ஙனம் அறிவோம்? உதடுகள் மறைக்கப்பட்ட பின்னரே, அவர் அதுகாறும் எதனைத் துணைகொண்டு கேட்டுவந்தார் என்பது வெளிப்பட்டது.

இதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம். நம் உட்செவியிலே நத்தையின் ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள்ளே, ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் வரிசையாக அமைந்துள்ளன. அச்சுருளின் வாயிலருகே உள்ளவை கீச்சென்ற உயர்சுருதி ஒலிகளையும், உட்கோடியில் உள்ளவை கனத்த தாழ்சுருதி ஒலிகளையும் ஏற்கின்றன. முதுமையும் பேரிரைச்சலும் பெரும்பாலும் முதலிலே தாக்குவது வாயிலருகே உள்ள கலங்களையே. மனிதரிலே ஒருமுறை அழிந்த மயிர்க்கலம் மீண்டும் முளைப்பதில்லை.

இனி, பேச்சின் இயல்பை நோக்குவோம். அ, ஆ, உ, ஊ முதலிய உயிரொலிகள் வலிமை மிக்கவை. அவற்றின் ஆற்றலிற் பெரும்பகுதி தாழ்சுருதியிலேயே உள்ளது. க், ச், த், ப் முதலிய மெய்யொலிகளோ மெலிந்தவை. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய உதவும் அடையாளங்கள் உயர்சுருதியில் உள்ளன. சகரத்தைச் சீறொலியாக உச்சரிக்கும்போது அதன் ஆற்றல் செக்கனுக்கு 4,000 அதிர்வுகளுக்கும் மேலே சென்றுவிடுகிறது. ஆகவே உயர்சுருதி மங்கிய காதுக்குப் பேச்சின் உரம் கேட்கும், உருவம் கேட்காது. "சத்தம் கேக்குது, கதைதான் விளங்கேல்லை" என்று முதியோர் கூறுவது சாட்டு அன்று. அது மிகச் சரியான நோய்க்குறிப்பு. பாய், தாய், காய் என்னும் மூன்று சொற்களும் அத்தகைய காதுக்கு ஏறக்குறைய ஒன்றேயாம். கஞ்சி பஞ்சியானதும் இவ்வாறே.

இவ்விடத்திலேதான் கண் துணைக்கு வருகிறது. பாய் என்னும்போது உதடுகள் பொருந்தித் திறக்கின்றன. தாய் என்னும்போது நாவின் நுனி பற்களை அண்மிக் கணநேரம் தோன்றி மறைகிறது. காய் என்னும்போது இவையிரண்டும் நிகழ்வதில்லை. காது இழந்ததைக் கண் ஈட்டிக் கொடுக்கிறது. அக்காவின் உதடுகளைக் கண்டிருந்தால், அவை பொருந்தவில்லை என்பதிலிருந்தே கேட்டது பஞ்சி அன்று என்பதைப் பெரியம்மா உணர்ந்திருப்பார். முகக்கவசமோ உதடுகளை மறைத்தது மாத்திரமன்றி, அவருக்கு எஞ்சியிருந்த சிறிதளவு உயர்சுருதி ஒலியையும் மட்டுப்படுத்திவிட்டது. கண்ணும் அடைபட்டது, காதும் அடைபட்டது.

உதடுகளை வாசிப்பது செவிப்புலன் குன்றியோருக்கு மாத்திரம் உரிய கலை என்று எண்ணிவிடாதீர்கள். நாம் எல்லோரும் அதனைத் தொட்டிலிலேயே தொடங்குகிறோம். குழந்தை 4 மாதம் வரையில் பேசுவோரின் கண்களையே பெரிதும் நோக்குகிறது என்றும், மழலை பேசத் தொடங்கும் 8 மாத அளவில் அதன் பார்வை பேசுவோரின் வாய்க்கு இறங்குகிறது என்றும் 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சியொன்று எடுத்துக்காட்டியது. தாயின் குரலை மட்டுமன்றி, தாயின் வாயையும் பார்த்தே குழந்தை மொழியைக் கற்கிறது.

வளர்ந்தோரும் இதனை விட்டுவிடுவதில்லை. 1954 ஆம் ஆண்டிலே சம்பி, பொல்லாக் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், நல்ல செவிப்புலன் உடையோருக்கு இரைச்சலின் நடுவே சொற்களைக் கேட்பித்தனர். பேசுவோரின் முகத்தைக் கண்டவர்கள், காணாதவர்களிலும் பார்க்க மிகுதியான சொற்களை விளங்கிக்கொண்டனர். இரைச்சல் கூடக் கூட முகத்தைக் காண்பதன் பயனும் கூடிச் சென்றது. திருவிழாக் கூட்டத்திலும் சந்தை இரைச்சலிலும் நாம் எதிரே நிற்பவரின் வாயை உற்றுநோக்குவது இதனாலன்றோ!

1976 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே மக்கேர்க், மக்டொனால்ட் என்னும் இருவர் இதனினும் வியப்பானதொன்றை வெளியிட்டனர். பாபு என்னும் பெயரின் முதலெழுத்துப் போன்ற ‘பா’ ஒலியைக் கேட்கச் செய்து, அதே நேரத்தில் காந்தி என்பதன் முதலெழுத்துப் போன்ற ‘கா’ ஒலியை உச்சரிக்கும் வாயைப் படத்திலே காட்டினர். பார்த்திருந்தோர் பலருக்கு இவ்விரண்டுமே கேட்கவில்லை. ‘டா’ என்னும் மூன்றாவது ஒலியே கேட்டது! கண்களை மூடியவுடன் உண்மையான ‘பா’ கேட்டது. ஆகவே நாம் கேட்பதாக எண்ணுவது காது தந்தது மட்டுமன்று. காதும் கண்ணும் தந்தவற்றை மூளை கலந்து சமைத்த ஒன்றாகும். 1997 ஆம் ஆண்டில் ஜெம்மா கல்வேட் என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும், ஒலியே இல்லாமல் அசையும் உதடுகளைப் பார்க்கும்போதும் மூளையிலே ஒலியை உணரும் பகுதி தொழிற்படுவதைக் கண்டறிந்தனர்.

அவ்வாறாயின், காது முற்றாகப் போனாலும் கண்ணே போதுமல்லவா என்று மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். போதாது. அதன் காரணத்தை நம் இலக்கணத்திலேயே காணலாம். தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்துகள் வாயின் எவ்வெவ்விடத்திற் பிறக்கின்றன என்பதை வகுத்துரைக்கிறது. பகரமும் மகரமும் இரண்டு உதடுகளும் பொருந்துவதாற் பிறப்பன. வகரம் மேற்பல்லும் உதடும் பொருந்துவதாற் பிறப்பது. ககரமும் ஙகரமும் நாவின் அடியிலும், சகரமும் ஞகரமும் நாவின் நடுவிலும், டகரமும் ணகரமும் நாவின் நுனியிலும் பிறப்பன. உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் ஐந்து உயிர்களும் உதடு குவிதலால் பிறப்பன.

இவ்வகுப்பை ஒரு கண்ணாடியின் முன்னே நின்று சோதித்துப் பாருங்கள். உதட்டிற் பிறப்பனவற்றைக் கண் நன்கு காணும். உதடு குவிவதையும் விரிவதையும் காணும். நாவின் அடியிற் பிறப்பனவற்றைக் காணவே முடியாது. லகர, ளகர, ழகரங்களைச் செவியால் பிரித்தறிவதே பலருக்கு அரிது. கண்ணாற் பிரித்தறிவது அதனினும் அரிது. இலக்கணத்தார் ஒரே பிறப்பிடத்தைச் சேர்ந்தனவாகக் கூறும் வல்லெழுத்தும் மெல்லெழுத்தும் உதடுகளை வாசிப்பவருக்கு ஒன்றாகவே தோன்றும். பணமா மணமா, படமா மடமா என்று உதடுகள் மட்டும் சொல்லமாட்டா.

இன்னுமொன்று கூறுகிறேன். ஒலியெழுப்பாமல் ‘அப்பா’ என்று உச்சரியுங்கள். பின்னர் ‘அம்மா’ என்று உச்சரியுங்கள். கண்ணாடியிலே வேற்றுமை காண இயலுமா? முற்றிலும் செவிப்புலனற்ற குழந்தைக்கு, உலகத்திலே முதன்முதலாகக் கற்கவேண்டிய இவ்விரு சொற்களுமே உதடுகளில் ஒன்றாகத்தான் தோன்றுகின்றன.

ஆனால் அரைகுறையாகவேனும் காது கேட்பவருக்கு இவ்விடர் இல்லை. அப்பா என்னும் சொல்லின் நடுவே கணநேரம் ஒலி அறுந்துபோகிறது. அம்மா என்னும் சொல்லின் நடுவே மூக்கொலி அறாமல் முழங்குகிறது. அம்மூக்கொலி தாழ்சுருதியைச் சேர்ந்தது. முதுமையடைந்த காதும் பெரும்பாலும் அதனை இழப்பதில்லை. கண்ணுக்குப் புலப்படாத வேற்றுமையைக் காது உணர்கிறது. காதுக்குப் புலப்படாத வேற்றுமையைக் கண் உணர்கிறது. முடவனும் குருடனும் ஒருவரையொருவர் தாங்கி ஊர்போய்ச் சேர்ந்த கதையை நாம் சிறுவயதிற் கேட்டிருக்கிறோம். இங்கும் அதுவே நிகழ்கிறது. தனித்து நின்றால் இரண்டும் அரைகுறையே. கூடி நின்றால் ஏறக்குறைய முழுமை.

இக்கூட்டுறவைப் பிரித்துவைத்தால் என்ன நேரும் என்பதற்குத் தொலைபேசியைக் கண்டுபிடித்தவரின் இல்லமே சான்றாகும். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876 ஆம் ஆண்டில் தொலைபேசிக்குரிய உரிமப் பத்திரத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டிலே அவர் மணந்த மேபல் ஹப்பார்ட் அம்மையார், ஐந்து வயதளவிலேயே செங்காய்ச்சலாற் செவிப்புலனை இழந்தவர். உதடுகளை வாசிப்பதில் வல்லவராய் விளங்கி, அக்கலையைப் பற்றிக் கட்டுரையும் எழுதியவர். உலகெங்கும் குரலைக் கொண்டுசென்ற கணவரின் கருவி, முகத்தைக் கொண்டுசெல்லாமையால், அம்மனைவிக்கு மட்டும் பயன்படவில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் முகத்தைக் காட்டிப் பேசும் வசதி வந்துவிட்டது. "முகத்தைக் காட்டிக் கதை மோனை" என்று தாய்மார் வற்புறுத்துவது பாசத்தினால் மட்டுமன்று. சிலருக்கு முகம் தெரியாவிட்டாற் பேச்சும் விளங்குவதில்லை. ஆகவே வெளிநாடுகளில் இருக்கும் பிள்ளைகளே, கைத்தொலைபேசியைக் கூரையை நோக்கி வைத்துவிட்டுச் சமையல் செய்துகொண்டு தாயுடன் பேசாதீர்கள்.

முற்றாகச் செவிப்புலனற்ற பிள்ளைகளின் நிலை வேறு. காதின் பங்கு அறவே இல்லாதவிடத்து, உதட்டை மட்டும் கொண்டு மொழியைக் கற்கும்படி கட்டாயப்படுத்துவது பெருஞ்சுமையாகும். 1880 ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள மிலான் நகரிலே கூடிய ஆசிரியர் மாநாடு, செவிப்புலனற்றோர் கல்வியில் வாய்ப்பேச்சு முறையே மேலானதென்றும், சைகை மொழியை விலக்கவேண்டுமென்றும் தீர்மானித்தது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதன் விளைவை அநுபவித்தனர். 2010 ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகரிற் கூடிய மாநாடே அத்தீர்மானங்களை மறுத்து வருத்தம் தெரிவித்தது. நம் நாட்டிலும் 1912 ஆம் ஆண்டிலே தோன்றி இரத்மலானையில் வளர்ந்த பாடசாலையும், வடக்கிலே கைதடி நவீல்ட் பாடசாலையும் இத்தகைய பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கி வந்துள்ளன. அப்பிள்ளைகளின் கைகள் பேசும் மொழி, நம் வாய்கள் பேசும் மொழிக்குக் குறைந்ததன்று.

இனி நம் வீட்டு முதியோரிடம் மீள்வோம். காது மங்கும் அளவுக்குக் கண்ணில் தங்கியிருத்தல் கூடுகிறது. ஆனால் காது மங்கியதும் எல்லோரும் உதடுகளை வாசிப்பதில் வல்லவராகிவிடுகின்றனர் என்று எண்ணுவது தவறு. சிறுவயது முதற் கேளாதோர் பலர் அதில் வியத்தகு தேர்ச்சி பெறுகின்றனர். முதுமையிற் கேள்வி குன்றியோருள் சிலர் தேர்கின்றனர், பலர் தடுமாறுகின்றனர். வயது ஏறும்போது வெறும் உதடுகளை வாசிக்கும் திறனும் தளர்வதாக ஆராய்ச்சியாளர் கூறுவர். கண்ணிலே வெண்புரை படர்ந்தால் இரட்டை இழப்பு. ஆகையால் காது மந்தமானவருக்கு மூக்குக்கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் காது வைத்தியத்தின் ஒரு பகுதியேயாகும்.

மேலும், இது களைப்பைத் தரும் தொழில். ஒவ்வொரு வாக்கியத்திலும் பாதியைக் கேட்டு, பாதியைக் கண்டு, எஞ்சியதை ஊகித்து நிரப்பவேண்டும். காலையில் நன்றாக உரையாடியவர் மாலையிலே தலையசைத்து ஒதுங்கிவிடுவது அதனாலேதான். கலியாண வீட்டிலே நாற்பது பேர் நடுவில் ஒரு முதியவர் ஒன்றும் பேசாது புன்னகை செய்துகொண்டிருந்தால், அவர் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். வேறு வழியில்லாமையாலும் மனிதர் புன்னகை செய்வதுண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 60 வயதைக் கடந்தோருள் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குச் செவிப்புலன் குன்றியவர்கள். நடுவயதிலே செவிப்புலன் குன்றுவதற்கும் பிற்காலத்து மறதிநோய்க்கும் தொடர்பு உண்டென்றும் வைத்திய ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அதனாலேயே காதைக் காலத்துடன் கவனிக்கவேண்டும். ஆயினும் கேளாமை வேறு, மறதி வேறு. முன்னதைப் பின்னதென்று மயங்கி ஒரு மனிதரின் மடியிலிருந்து திறப்பை வாங்கிவிடுதல் பெரும் அநீதியாகும்.

ஆகவே நாம் செய்யத்தக்கன யாவை? முதலாவது, கூவாதீர்கள். கூவும்போது உயிரொலிகளே பெருக்கின்றன. மெய்யொலிகள் அவற்றுள் மூழ்கிவிடுகின்றன. வாயும் கோணி உதடுகளின் வடிவு கெடுகிறது. முகத்திலே கோபக் குறியும் தோன்றுகிறது. குரலைச் சிறிதே உயர்த்தி, சற்று ஆறுதலாக, சொற்களை இயல்பாக உச்சரித்துப் பேசினாற் போதும். இரண்டாவது, கிட்ட வாருங்கள். வெட்டவெளியிலே தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபெல் அளவு குறைகிறது. குசினிக்குள் நின்று விறாந்தைக்குப் பேசுவது பேச்சன்று.

மூன்றாவது, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழவேண்டும். யன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் உங்கள் முகம் நிழலாகிவிடும். அந்தி சாய்ந்து மின்சாரமும் தடைப்பட்ட வேளையில், விளக்கைக் கொண்டுவந்த பின்னர் பேச்சைத் தொடங்குங்கள். நான்காவது, வாயை மறைக்காதீர்கள். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டும், சுருட்டைக் கடித்துக்கொண்டும், கையால் வாயைப் பொத்திக்கொண்டும் பேசுவோரின் உதடுகளை எவராலும் வாசிக்க இயலாது. ஐந்தாவது, முதலிற் பெயர் சொல்லி அழைத்து, அவர் திரும்பிப் பார்த்த பின்னர் விடயத்தைக் கூறுங்கள். விளங்கவில்லையாயின் அதே வாக்கியத்தைப் பத்துமுறை கூறாமல் வேறு சொற்களாற் கூறுங்கள். கஞ்சி விளங்கவில்லையா? "குடிக்க ஏதும் வேணுமோ?" என்று கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "ஒன்றுமில்லை, விடுங்கோ" என்று கூறாதீர்கள். எல்லோரும் சிரிக்கும்போது "என்னவாம்?" என்று கேட்ட முதியவருக்கு நாம் வழக்கமாகக் கூறும் விடை அது. அதிலும் கொடிய விடை வேறில்லை.

வைத்தியரிடம் காட்டுவதையும் தவிர்க்கலாகாது. சில வேளைகளிற் குறும்பி அடைத்திருப்பதே காரணமாயிருக்கும். அதனை நீக்கினாற் போதும். திடீரென ஒரு காது கேளாமற் போனால் ஒருநாளும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். காதுக்கருவி தேவையாயின் வெட்கப்படாமல் அணியவேண்டும். மூக்குக்கண்ணாடி அணிய வெட்கப்படாத நாம் இதற்கு மாத்திரம் வெட்கப்படுவானேன்? கருவி அணிந்த பின்னரும் உதடுகளின் துணை வேண்டியதே. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பிலே, ஆசிரியர் கரும்பலகையை நோக்கித் திரும்பிப் பேசும்போதெல்லாம் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்க்கும் ஒருவன் இருக்கலாம். அவனைக் களவாகப் பார்த்தெழுதுபவன் என்று முறையிடுவதன் முன்னர், ஆசிரியரின் முகம் தெரியும்போது அவன் அவ்வாறு பார்க்கிறானா என்பதைக் கவனியுங்கள். இல்லையாயின் அவனுக்கு வேண்டியது பிரம்படியன்று. முன்வரிசையில் ஓர் இடம். ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை கண்டுபிடித்ததை நீங்களும் கண்டுபிடிக்கலாம்.

செவிடன் காதிலே சங்கு ஊதியது போல என்றொரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. பயனற்ற செயலுக்கு அதனை உவமை கூறுகிறோம். அதனினும் சிறந்த வழக்கொன்றும் நம்மிடம் இருக்கிறது. அன்பும் மதிப்பும் தோன்ற ஒருவருடன் உரையாடுவதை, முகங்கொடுத்துப் பேசுதல் என்கிறோம். முன்னோர் அதனை எந்நோக்கத்துடன் வழங்கினரோ, காது மங்கியவருக்கு அது எழுத்துக்கெழுத்து உண்மை. முகத்தைக் கொடுத்தாலன்றி நம் பேச்சு அவர்களைச் சென்றடையாது.

பெரியம்மாவுக்குப் பின்னர் கண்ணில் வெண்புரை நீக்கும் சத்திர சிகிச்சை நடைபெற்றது. காதுக்கருவியும் அணிகிறார்; கோயிலுக்குப் போகும்போது மட்டும் கழற்றி வைத்துவிடுகிறார், மேளச்சத்தம் தாங்கமுடியவில்லையாம். அக்கா திறப்புக்கோவையைத் திருப்பிக் கொடுத்த அன்று நானும் அங்கிருந்தேன். பெரியம்மா அதனை வாங்கி மடியிற் செருகிக்கொண்டு, "அந்தக் காணி அலுவல் என்னமாதிரி முடிஞ்சது?" என்று என்னைக் கேட்டார்.

நான் கதிரையை இழுத்து, வெளிச்சம் என் முகத்தில் விழும்படி அமர்ந்து, நடந்தவற்றை முதலிலிருந்து கூறினேன். எல்லையிலே நாங்கள் விட்டிருந்த பிழையை அவர் உடனே எடுத்துக்காட்டினார்.